மாரி பாகம்

மாரி குள்ளம். இதை மறைத்துவிட்டு அவர் கதையைச் சொல்லப் புறப்பட்டால் நடுவில் மாட்டிக்கொள்வேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தோணிரேவுக் குப்பத்தில் தண்ணீரின் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். கயிற்றை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தால் ஒரு பாகம். ஆளுக்கு ஆள் கை நீளம் மாறும் என்பதால் அளந்தவர் பேரும் கூடவே வரும். ‘மாரி பாகம் ரெண்டு’ என்றால் கேட்பவன் மனதுக்குள் ஒரு முழம் கழித்துக்கொள்வான். கழிக்கும்போது லேசாகச் சிரிப்பதும் உண்டு.

ஒல்லாந்தர் கோட்டையிலிருந்து வரைபடம் வரைகிறவர் ஒருவர் ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரத்தை அளக்க வந்தபோது மாரிக்கு நாற்பது வயது. கயிறு பிடிக்கப் போனார். கொடிமரத்தையும் ஒற்றைப் பனையையும் ஒரே கோட்டில் வைத்து இடம் குறிப்பது அவருக்குப் பழகியதுதான். வலை போட்ட இடத்தை வேறு எப்படிக் கண்டுபிடிப்பதாம்? புதிதாகக் கற்றதும் உண்டு. கயிற்று நுனியில் கட்டிய ஈயக் குண்டின் அடியில் கொழுப்பைத் தடவி இறக்கினால் தரையில் இருப்பது சேறா மணலா என்று ஒட்டிக்கொண்டு வரும். நீர் ஏறுகிறதா வடிகிறதா என்று நேரத்தோடு குறிக்க வேண்டும். காகிதத்தில் எது வடக்கு என்று பிடிபட்ட நாளில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டு வாசல் மணலில் ஏரியை வரைந்து மனைவி மணியம்மாளுக்குக் காட்டினார். அவள் மீன் செதிலை அதன்மேலேயே கொட்டினாள்.

மாரி கயிற்றை விரித்து எண்ணிச் சொல்ல, மொழிபெயர்க்க வந்த துபாஷி சந்தியாகு எழுதினார். யார் கை என்று அவர் கேட்கவில்லை. சொல்ல வேண்டுமென்று மாரிக்கும் தோன்றவில்லை. எதிரில் அளந்துகொண்டு நிற்பது தான்தானே.

படம் முடிந்த வாரம், படகோட்டியான தம்பி சிங்காரம் மத்தியானம் சாப்பிட வந்தான்.

“ஏரி வாய்ல ரெண்டு பாகம் கீதுன்னு காயிதத்துல போட்டுக்கீதாம். நாளைக்கு முழுப் பாரம் ஏத்தினு போவச் சொல்றாங்க கோட்டையில.”

மாரி பிசைந்த சோற்றை அப்படியே விட்டார்.

“யார் பாகம்னு போட்டுக்கீது?”

“பேரே இல்லண்ணா.” சிங்காரத்துக்கும் அப்போதுதான் உறைத்தது. “நீ ஒண்ணும் சொல்லாத. சவுக்கால அடிப்பாங்க. நான் பாத்து ஓட்டிக்கிறேன்.”

அண்ணனைக் காப்பாற்ற அவன் முழுப் பாரத்தோடு மணல் திட்டில் தரைதட்டத் தயாராக இருந்தான். மாரி கை கழுவிவிட்டுக் கோட்டைக்கு நடந்தார். வழியெல்லாம் பயம். முதுகு இப்போதே எரிவது போலிருந்தது.

“ஐயா, அது என் பாகம். எல்லாத்துலயும் குறைக்கணும்னு சொல்லுங்க,” என்றார் சந்தியாகுவிடம்.

படம் வரைகிறவரின் முகம் சிவந்தது. அடிக்கவில்லை. மாரியை மணலில் படுக்கவைத்துக் கைகளை விரிக்கச் சொல்லி, தன் கோலால் அளந்தார். இரண்டு மாத உழைப்பு பாகத்துக்கு அரை முழம் வீதம் தப்பாகிக் கிடந்தது. பிறகு படத்தின் ஓரத்தில் அந்தக் கை நீளத்துக்கு அளவாக ஒரு கோடு இழுத்து, இவன் பேர் என்ன என்று கேட்டார். சந்தியாகு கோட்டின்மேல் ‘மாரி’ என்று எழுதினார்.

மறுநாள் பாதிப் பாரத்தோடு போன சிங்காரம் மத்தியானம் திரும்பினான். அண்ணன் கரையிலேயே நின்றிருந்தார்.

“பாதிக்கே அடி மண்ணுல உரசிச்சிண்ணா,” என்றான்.

மாரி அவனைக் கட்டிக்கொண்டார். அவருடைய கைகள் அவன் முதுகைச் சுற்றி முழுக்க எட்டவில்லை.