காட்டு வழிக்குக் காயவைத்த சோறு

அன்று எங்கள் முற்றத்தில் நின்றவர்கள் இவ்வளவு பேர்தான்: நான், என் கணவர், என் அக்கா, அக்காவின் புருஷனாகிய அத்தான், கொக்குவில் ரீச்சர், ரீச்சரின் தம்பி. ஊரைக் கூட்டி வைத்துத் தன்னை அவமானப்படுத்தியதாக அத்தான் பிறகு சொல்லித் திரிந்தார். அது பொய். ஆறு பேர், அதில் அவரும் ஒருவர்.

அத்தான் ஒவ்வொரு வருடமும் கதிர்காமத்துக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறவர். உகந்தை வரை வான் வண்டி, அதற்குப் பிறகு காட்டுக்குள்ளால் நடை. வழியில் அன்னதானம் கிடைத்தால் உண்டு. கிடைக்காவிட்டால் முதுகில் சுமந்ததுதான் சாப்பாடு. அந்தச் சுமையைக் குறைப்பது என் வேலை. குழைய அவித்த சோறு, பருப்பு, பூசணி, பயற்றங்காய் எல்லாவற்றையும் சமைத்தே காயவைத்துப் பைக்கற்றில் அடைத்துக் கொடுப்பேன். காட்டில் கொதிநீரை ஊற்றி மூடிவைத்தால் கொஞ்ச நேரத்தில் சோறும் கறியுமாகிவிடும்.

சொல்லத்தான் சுகம். சோளகக் காற்று அடிக்கிற காலம். கோப்பாய்ச் செம்மண் புழுதி சோற்றில் படியாதிருக்க, பழைய ஜன்னல் கண்ணாடியை மூடியாகப் போட்டு ஒரு தகரப் பெட்டி செய்து வைத்திருக்கிறேன். தேங்காய்ப்பால் விட்டால் காறிப் பழுதாகிவிடும், அதனால் பால் இல்லாத கறி. காய்ந்ததைப் போத்தலில் அடைத்து வெயிலில் வைத்துப் பார்ப்பேன். போத்தலின் உட்பக்கம் லேசாக வேர்த்தாலும் அவ்வளவும் திரும்பப் பெட்டிக்குள். பூஞ்சணம் பிடித்து யாருக்காவது காட்டுக்குள் வயிற்றாலடித்தால்? ஆஸ்பத்திரிக்கு எதில் கொண்டு போவார்கள்? எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். பயப்படுவதற்குப் படிப்புத் தேவையில்லை.

நான் இந்த வேலையைத் தொடங்கிய முதல் வருடம் பத்துப் பேருக்குச் செய்து கொடுத்தேன். காசு கேட்டபோது அத்தான் மேலே பார்த்துக் கும்பிட்டார். "முருகனுக்குச் செய்தது எண்டு நினை மச்சாள். முருகனிட்டைக் காசு கேக்கிறதே?" நானும் கும்பிட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

நான் சொல்லும் அந்த நாளில், அடுத்த வருடப் பயணத்துக்குச் சாப்பாடு சொல்ல ரீச்சரும் தம்பியும் அத்தானோடு வந்திருந்தார்கள். ரீச்சர் தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு சாதாரணமாகக் கேட்டார்: "போன முறை சாப்பாட்டுக்கு ஆளுக்கு ரெண்டாயிரம் தந்தனாங்கள். சாமான் விலை ஏறிப்போச்சுது, உங்களுக்குக் கட்டுமோ பிள்ளை?"

நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் எங்கள் மாமரத்தைப் பார்த்தார்.

"ஆரிட்டைத் தந்தனீங்கள்?" என்றேன்.

"உவரிட்டைத்தான். ஏன், உங்களிட்டைத் தரேல்லையோ?"

"வான்காரன் வாடகையைக் கூட்டிக் கேட்டிட்டான் ரீச்சர், அதுக்கே போட்டுது," என்றார் அத்தான். "குடும்பத்துக்குள்ளை என்ன கணக்கு?"

அக்கா என் கையில் கிள்ளினாள். அந்தக் கிள்ளுக்காகத்தான் அன்று பழைய காசைக் கேட்கவில்லை. "இந்த முறை காசை என்ரை கையிலை தாங்கோ. அவரவர் பையை அவரவரிட்டைத் தாறன்," என்று மட்டும் சொன்னேன். அவர் அவமானம் என்று சொல்வது இதைத்தான்.

"அப்ப என்ரை பை?" என்றார் அத்தான்.

"உங்களிட்டைக் காசு வாங்குவனே அத்தான்? உங்கடையை அக்காட்டைக் குடுத்துவிடுறன்."

கொடுத்துவிட்டேன். மற்றவர்களுக்கு ஒட்டியதுபோலவே வடிவாக ஒட்டிய வெள்ளிநிறப் பைக்கற்றுகள். உள்ளே தவிடு. எங்கள் மாட்டுக்கு வைக்கிற அதே தவிடு. பாரம் சரியாக இருக்கவேண்டுமென்று ஒவ்வொன்றையும் கையில் ஏந்திப் பார்த்துத்தான் ஒட்டினேன். அன்று எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

வான் வெளிக்கிட்ட பிறகுதான் பயம் பிடித்தது. அத்தானுக்குச் சீனி வருத்தம். பசியில் மயங்கி விழுந்தால்? விழுகிற இடத்தில் யானை நின்றால்? அக்காவின் தாலிக்கு நான் என்ன பதில் சொல்வது? காட்டுக்குள் போன் வேலை செய்யாது. "பேசாமல் இரு, அந்தாள் பட்டினி கிடக்கிற ஆளில்லை," என்றார் என் கணவர். நான் விளக்கு வைத்து, அவர் சாகக்கூடாது, ஆனால் நன்றாகப் பசிக்கவேண்டும் என்று கும்பிட்டேன். இரண்டையும் ஒன்றாகத்தான் கேட்டேன்.

திரும்பி வந்ததும் ரீச்சர் விபூதியோடு வீட்டுக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது.

"உங்கடை அத்தான் சாதாரண ஆளில்லை பிள்ளை," என்றார். "முதல் நாள் அவர் தன்ரை பைக்கற்றை உடைச்சால் தவிடு. நாங்கள் திகைச்சுப்போனம். அவர் தவிட்டைத் தொட்டுக் கண்ணிலை ஒத்திக்கொண்டு, 'இந்த முறை தவிடுதான் தின்னுறதெண்டு நேர்த்தி வைச்சனான் சாமி, ஒருத்தருக்கும் சொல்லேல்லை' எண்டார்."

"பிறகு?"

"விடுவமே? ஒரு சாமி பசியோடை இருக்க மற்றச் சாமி கையை நனைக்கலாமே? ஆளுக்கு ஒரு அகப்பை அள்ளி வைச்சம். அழுதழுது சாப்பிட்டார்."

அதை நான் யோசித்திருக்க வேண்டும். யாத்திரை போகிறவர்கள் ஒருவரையொருவர் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லோர் தட்டிலும் சோறு விழாமல் யாரும் வாயில் வைக்கமாட்டார்கள். பத்துப் பேரின் அகப்பை அவர் தட்டில் விழுந்திருக்கிறது. நான் வேர்வை பார்த்துப் பார்த்துக் காயவைத்த சோற்றை எல்லோரையும்விட அதிகமாகத் தின்றவர் அவர்தான். தவிடு கட்டியது நான் என்று ரீச்சரிடம் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் யாத்திரைக்காரனுக்கு மாட்டுத் தீன் கொடுத்த பாவி நான். அவர் அப்போதும் சாமி.

இரண்டு நாள் கழித்து அத்தான் வந்தார். மெலியவேயில்லை. மாட்டுக் கொட்டிலுக்குப் போய், உடைக்காத பைக்கற்றுகளை ஒவ்வொன்றாகக் கிழித்து வாளியில் கொட்டினார்.

"உன்ரை சாமான் உன்ரை மாட்டுக்கு," என்றார். "சோறு நல்லாத்தான் இருந்தது மச்சாள். பருப்புக்குத்தான் உப்புக் காணாது."

"போன முறைக் காசு?" என்றேன். கேட்டுவிட்டேன், கடைசியில்.

"தவிட்டுச் சாமியாரிட்டைக் காசு கேக்கிறியே?" என்று சிரித்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

சிரிக்கட்டும். அடுத்த வருடமும் அவர் போவார், பத்துப் பேரும் போவார்கள், சாப்பாடு என் பெட்டியில்தான் காயவேண்டும். பத்துப் பேரையும் இங்கேயே முற்றத்தில் இருத்தி, எல்லோர் முன்னாலும் அவரிடம் அந்தக் காசைக் கேட்டு வாங்கின பிறகுதான் ஒரு பையாவது படலைக் கதவைத் தாண்டும். அக்கா கிள்ளட்டும், கை புண்ணாகட்டும். அவர் எனக்குத் தரவேண்டியது இருபதாயிரம் ரூபா. தவிடு வாங்கின நூற்றைம்பதையும் சேர்த்தால், இருபதாயிரத்து நூற்றைம்பது.