மாமா போட்ட ஒரே கோல்

என் அம்மாவிடம் அவள் தம்பியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், அந்தக் கோல் கதை வந்துவிடும். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, ஊரே கூடி நிற்க, தன் தம்பி பந்தைத் தள்ளிக்கொண்டே ஓடி, எதிர்க்குப்பத்துப் பிள்ளைகளை வரிசையாக ஏமாற்றி, வலை கிழிகிற மாதிரி அடித்தான் என்பாள். வருஷத்துக்கு வருஷம் ஏமாந்தவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. மாமா பக்கத்தில் இருந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். கூச்சம் என்று அம்மா சிரிப்பாள். கூச்சமாவது ஒன்றாவது. எனக்கு விஷயம் தெரியும், ஆனால் நானும் வாயைத் திறப்பதில்லை.

எங்கள் குப்பம் மகாபலிபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் வரும். அப்பா கடலுக்குப் போவார். அம்மா மீன் கூடையோடு செங்கல்பட்டு மார்க்கெட்டுக்கு பஸ் ஏறுவாள். பெற்றவர்கள் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் மாமாவை வளர்த்தது அம்மாதான். மாமா மகாபலிபுரத்தில் வெள்ளைக்காரர்கள் வந்து சாப்பிடுகிற ஓட்டல் ஒன்றில் சப்ளையர். மீதி நேரமெல்லாம் ஃபுட்பால். எங்கள் குப்பத்து டீமில் அவர் ஸ்டாப்பர். அதாவது கோல் கீப்பருக்கு முன்னால் நின்றுகொண்டு, வருகிறவனை எல்லாம் மறித்துத் திருப்பி அனுப்புகிற வேலை.

பொங்கலை ஒட்டி எங்கள் பக்கத்துக் குப்பங்களுக்குள் டோர்னமென்ட் நடக்கும். கப்பெல்லாம் பேருக்குத்தான். ஃபைனலில் ஜெயிக்கிற கோலைப் போட்டவனுக்கு, அன்றைக்குக் கரைக்கு வந்ததிலேயே பெரிய வஞ்சிரத்துக்கு மாலை போட்டு ஊர்த் தலைவர் கையில் கொடுப்பார். மேளத்தோடு அது அவன் வீட்டு வாசல் வரை போகும். அன்றைக்குக் குழம்பு மணக்கிற வீட்டுக்கு ஒரு தனி மரியாதை. ஸ்டாப்பருக்கு என்ன கிடைக்கும்? எல்லோருக்கும் கொடுக்கிற இளநீர்.

அம்மாவுக்கு இது தீராத குறை. "ஊருக்கே மீன் விக்கிறவ நானு. அந்த ஒரு மீனு என் வூட்டு வாசப்படி ஏறுச்சா?" என்று மாமாவுக்குச் சோறு போடும்போதெல்லாம் கேட்பாள். மாமா தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார்.

அவருக்கு அந்தக் குறை கிடையாது. அவருக்கு ஒரு இங்கிலீஷ்காரன் இருந்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஓட்டல் டிவியில் இங்கிலாந்து மேட்ச் ஓடும். அதில் மாமா கண்டெடுத்த ஸ்டாப்பர் அவன். அவனுடைய ஊரிலிருந்து வருஷா வருஷம் வந்து தங்குகிற ஒரு பெரியவர், அவன் பிறந்ததிலிருந்து ஓய்ந்ததுவரை கதை முழுவதையும் மாமாவுக்குச் சொல்லியிருந்தார். நான் சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடிக்கும்போது மாமா மடியில் உட்கார வைத்து எனக்கு ஊட்டிக்கொண்டே அதைச் சொல்வார். மற்ற பிள்ளைகளுக்கு ராஜா கதை, எனக்கு ஸ்டாப்பர் கதை.

அவனுடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பையன் பள்ளிக்கூட வயசிலேயே ஊர் கிளப்பில் சேர்ந்துவிட்டான். சேர்ந்ததும் பந்தைக் கொடுத்துவிட்டார்களா என்ன, பெரிய ஆட்டக்காரர்களின் பூட்ஸில் ஒட்டின சேற்றைச் சுரண்டச் சொன்னார்கள். சுரண்டினான். ஒருநாள் அவர்களுடைய ஸ்டாப்பருக்குக் கால் உடைந்தபோது, வேறு ஆள் இல்லாமல் இவனை இறக்கினார்கள். அதற்கப்புறம் முடி நரைக்கிறவரை அந்த இடத்தை அவன் விடவில்லை. மூக்கு உடைந்தது. முட்டி போய் ஆபரேஷன் செய்தார்கள். பணக்கார கிளப்புகள் கூப்பிட்டன, போகவில்லை. ஆயுசு முழுக்கப் போட்ட கோல் ஒரு கை விரலுக்குள் அடங்கும். அதிலும் ஒன்று தவறிப்போய்த் தன் பக்கத்துக் கோலிலேயே அடித்தது. கடைசி மேட்ச் அன்று, ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது அவனை வெளியே அழைத்தார்கள். நொண்டி நொண்டி நடந்தான். மொத்த ஸ்டேடியமும் எழுந்து நின்று, அவன் உள்ளே போய் மறைகிறவரை கை தட்டியது.

இந்த இடம் வந்ததும் மாமாவின் சோற்றுக் கை பாதியில் நின்றுவிடும்.

"கோலே போடல, அப்றம் எதுக்கு மாமா கை தட்னாங்க?" என்பேன்.

"நின்னான் இல்ல பாப்பா, அதுக்கு."

எனக்கு ஒன்றும் விளங்காது. அடுத்த வாய்க்கு ஆ காட்டுவேன்.

அந்த வருஷம் பொங்கலுக்கு முன்னால் செங்கல்பட்டிலிருந்து ஒரு கோச் புல்லட்டில் வந்து மாமாவை ஓட்டலில் பார்த்தார். சென்னையில் ஒரு பெரிய கம்பெனியின் டீமுக்கு ஆள் எடுப்பவர். டீமில் சேர்ந்தால் கம்பெனியில் நிரந்தர வேலை, சாயங்காலம் பிராக்டீஸ். மாமாவின் ஆட்டத்தை எங்கேயோ பார்த்திருக்கிறார். ஃபைனலுக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிந்ததே யாருக்கும் ஞாபகமில்லை. அம்மா மாமாவைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அவுரு இன்னாடா சொன்னாரு, மறுபடியும் சொல்லு."

"ஸ்டாப்பர் வோணுமாம் அக்கா. என் எடத்துல கரெக்டா நிக்கிறனான்னு மட்டுந்தான் பாப்பாராம்."

அம்மாவின் முகம் மாறிப்போனது. "நிக்கிறவனுக்கு எவன்டா வேல குடுப்பான்? அவ்ளோ தூரத்திலேர்ந்து வர்றவரு நீ மரம் மாதிரி நிக்கிறத பாக்கவா வர்றாரு? அவுரு கண்ணுக்கு நீ தெரிய வோணாமா? ஒரே ஒரு கோலு போடு நைனா. வேலயும் வரும், மீனும் வரும்."

மாமா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இங்கிலீஷ்காரனைக்கூட இழுத்தார். அம்மா ஒரே பேச்சில் அவனை ஒதுக்கிவிட்டாள்: "அவன் வெள்ளக்காரன், நின்னாலும் சோறு கிடைக்கும்." பிறகு என்னை இழுத்து நடுவில் நிறுத்தி, மாமாவின் வலது கையைப் பிடித்து என் தலையில் வைத்தாள். "பாப்பா தலமேல கை வெச்சி சொல்லு, கோல் போடுவேன்னு."

மாமா கையை எடுக்கப் பார்த்தார், அம்மா விடவில்லை. அந்தக் கார்த்திகை முழுக்க நான் மஞ்சள் காமாலையில் படுத்துக் கிடந்து, அப்போதுதான் எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தேன். பிழைக்க மாட்டாள் என்று சிலர் பேசினதும் அவர் காதில் விழுந்திருக்கும். எனக்கோ பெருமை தாங்கவில்லை. பெரியவர்கள் சத்தியம் செய்ய என் தலைதான் கிடைத்தது என்று தோழிகளிடம் போய்ச் சொல்லிக்கொண்டேன். மாமா மெதுவாக, "போடறேன் அக்கா," என்றார்.

ஃபைனல் அன்று தோப்புக்கு முன்னால் மணல் தெரியாத கூட்டம். கோச் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாதி ஆட்டம்வரை மாமா தன் இடத்தை விட்டு அசையவில்லை. எதிர்க்குப்பத்தார் எந்தப் பக்கமாக வந்தாலும் அங்கே அவர் முன்னாலேயே வந்து நின்றார். பெரிதாக ஓடவும் இல்லை, விழவும் இல்லை. பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. கோச் மட்டும் தலையை ஆட்டி ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார். இன்றைக்குத்தான் எனக்கு அது புரிகிறது. அந்த ஆட்டத்திலேயே வேலை மாமா கைக்கு வந்துவிட்டது. அது அந்தக் கூட்டத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்திருந்தது.

இடைவேளை முடிந்ததும் அம்மாவால் பொறுக்க முடியவில்லை. பொம்பளைகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். மாமா எங்கள் பக்கம் திரும்புகிறவரை காத்திருந்து, தன் உள்ளங்கையை என் தலைமேல் வைத்துக் காட்டினாள். நானும் என் பங்குக்குக் கையை ஆட்டினேன்.

மாமா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு கோச்சைப் பார்த்தார். அப்புறம் தன் இடத்தை விட்டுவிட்டு முன்னால் ஓட ஆரம்பித்தார்.

ஓடினவர் திரும்பி வருவதற்குள், அவர் விட்டுப்போன காலி இடத்தின் வழியாகவே எதிர்க்குப்பத்தான் ஒருத்தன் நேராகப் புகுந்து கோல் போட்டான். எங்கள் ஆட்கள் மாமாவைத் திட்டினார்கள். அவர் காதில் வாங்கவில்லை, மறுபடியும் முன்னால் போனார். எங்கள் டீம் ஒன்று திருப்பிப் போட்டது. ஆட்டம் முடிகிற நேரத்தில் கோலுக்கு முன்னால் நடந்த தள்ளுமுள்ளில் பந்து மாமாவின் காலில் பட்டு உள்ளே போனது. அம்மா சொல்கிற மாதிரி யாரையும் அவர் ஏமாற்றவில்லை. ஆனால் கோல் கோல்தான். குப்பமே அவரைத் தோளில் தூக்கிக்கொண்டது. தோளில் இருந்தபடி மாமா கூட்டத்துக்கு மேலே எட்டி எட்டி கோச்சைத் தேடினார்.

கோச் நல்ல மனுஷர், சொல்லாமல் போய்விடவில்லை. மாமாவின் தோளைத் தட்டி, "நல்லா ஆடினப்பா. முன்னாடி ஓடறதுக்கு எங்கிட்ட ஆளுங்க இருக்காங்க," என்று மட்டும் சொன்னார். பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு அதில் 'நல்லா ஆடின' மட்டும்தான் கேட்டது போல. மாலையோடு வந்த வஞ்சிரத்தை அங்கேயே அறுத்து, நடுத்துண்டுகளை வாழை இலையில் கட்டி, வேண்டாம் வேண்டாம் என்றவரின் புல்லட்டில் தொங்கவிட்டாள். மாமா அதைத் தடுக்கவில்லை.

மாசி முழுக்க அம்மா செங்கல்பட்டு மார்க்கெட்டில் தன் தம்பி சென்னை கம்பெனிக்குப் போகப்போகிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போன் அடித்தால் ஈரக்கையோடு ஓடுவாள். பங்குனியில் ஒருநாள் மாமா சாப்பிட்டுக்கொண்டே, "ஆளு ஃபுல்லாயிட்சாம் அக்கா. அடுத்த வருசம் பாக்கலாம்னாரு," என்றார். அம்மா கோச்சைத் திட்டித் தீர்த்தாள், அவர் எடுத்துப்போன மீனையும் சேர்த்துத் திட்டினாள். மாமா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் "ஆமா அக்கா," என்றார். கோச் அதற்கப்புறம் வரவேயில்லை.

மாமா இன்றைக்கும் அதே ஓட்டலில்தான் இருக்கிறார். நான் படித்து, செங்கல்பட்டில் வீடெடுத்து, எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஊரப்பாக்கத்துக்கு வேலைக்குப் போய் வருகிறேன். போன வருஷம் ஒரு சனிக்கிழமை அவரோடு உட்கார்ந்து மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தபோது, கோச் என்ன சொன்னார் என்பதை நானாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சொல்லி முடித்துவிட்டு, "அக்காக்கு தெரிய வோணாம் பாப்பா. தாங்காது," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஃபைனல் நடந்த அன்று சாயங்காலம், மேளம் எல்லாம் ஓய்ந்த பிறகு, மாமாவைச் சாப்பிடக் கூட்டி வரச்சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். ஆளில்லாத மைதானத்தில், கோலுக்கு முன்னால், எப்போதும் நிற்கிற இடத்தில் மாமா குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். எதையோ தொலைத்துவிட்டார் என்று நினைத்து, நானும் குந்தி மணலைக் கிளறித் தேடினேன்.

"இன்னா மாமா காணோம்? சாவியா?"

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தலைமேல் கையை வைத்தார். பிறகு நெற்றியில் வைத்தார், கழுத்தில் வைத்தார். என் கண்களை விரலால் விரித்து வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்தார்.

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே பாப்பா?"

"ஒண்ணும் இல்ல மாமா."

"அப்ப சரி," என்று எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். சாவி அகப்படாமலே கிளம்பிவிட்டாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வீட்டில் வஞ்சிரக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்த ஞாபகம் வர, அவர் கையை விட்டுவிட்டு முன்னால் ஓடினேன்.