கத்த ஆளில்லாத ஆட்டம்

விடுதியின் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் 'இஸ்திரி' என்றுதான் கூப்பிட்டார்கள். பகலெல்லாம் படுக்கை விரிப்புகளை மடிப்பாள். மாலையில் ஜூடோ பயிற்சிக்கூடத்தில் ஆட்களை மடிப்பாள். இரண்டு இடத்திலும் அவளுக்கு ஒரே புகார்: பக்கத்தில் நின்று யாராவது யோசனை சொல்லிக்கொண்டே இருப்பது. வீட்டில் மாமியார் மட்டும் சொல்வதில்லை. மருமகளின் பிடிமேல் அவருக்கு அவ்வளவு மரியாதை.

போட்டி நாளில் அணி போடும் கூச்சல் கூரையைப் பிய்க்கும். "கொஞ்சம் வாயை மூடுங்கடி, என்னை ஆட விடுங்க!" என்று அவள் கெஞ்சாத போட்டியில்லை.

கடவுள் ஒருவழியாகக் காது கொடுத்தார். அரையிறுதியில் எதிரே வந்து நின்றவள் அவளுடைய அணியின் சிட்டு, ஓரத்தில் நின்று எல்லோரையும்விட உரக்கக் கத்துகிறவள். இறுதிக்குப் போகிறவளுக்கு நாட்டின் அணியில் இடம் உண்டு. இஸ்திரிக்கு அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும். ஒரே கூடத்துப் பிள்ளைகள் மோதினால் பயிற்சியாளர் நாற்காலியை விட்டு எழுந்து போய்விடுவார், அணியும் யாருக்காகவும் கத்தாது. அது அவர்களின் வழக்கம்.

இஸ்திரி சிட்டுவின் காலரைப் பற்றினாள். அப்புறம்? அப்புறம் என்ன செய்வதென்று தெரியவில்லை. கால் தானாக நகர்கிறது என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தாள். யாரோ கத்தித்தான் நகர்ந்திருக்கிறது. சிட்டுவும் திருதிருவென்று விழித்தாள். பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல் இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவர் இருவரையும் எச்சரித்தார்.

"இடது காலு... இடது காலால வாரு!"

ஓரத்திலிருந்து எப்போதும் கேட்கிற குரல்தான். இஸ்திரி வாரினாள். சிட்டு மல்லாந்து விழுந்தாள், நடுவரின் கை உயர்ந்தது. குரல் ஓரத்திலிருந்து வரவில்லை, சிட்டுவின் வாயிலிருந்து வந்தது என்பது பிறகுதான் இஸ்திரிக்கு உறைத்தது.

உடை மாற்றும் அறையில் சிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"ஏண்டி, எனக்கு விட்டுக்கொடுத்தியா?"

"விட்டுக்கொடுக்க நான் என்ன லூசா? கத்த ஆளில்லையேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். உன்னை யாரு கேக்கச் சொன்னதுக்கா?"

நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா? வாய்வரை வந்த இரண்டுமே அபத்தமாகப் பட்டன. ஒலிபெருக்கி இறுதி ஆட்டத்துக்கு அழைத்தது. சிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீ எங்கடி வரே?"

"கத்தத்தான்."

"யாருக்கு?"

சிட்டு அவளுடைய இடுப்புப் பட்டையை இழுத்து இறுக்கிவிட்டாள்.

"தெரியலக்கா. உனக்கோ, எனக்கோ. முதல்ல நட."