தேவைப்பட்டால் இறங்கும் குரல்

எனக்கு யாரையும் லேசில் நம்ப வராது. காந்தி மார்க்கெட்டில் தக்காளி வாங்கினால் கூடையின் அடியில் கைவிட்டுப் பார்த்துத்தான் எடுப்பேன். வெளியே எங்கே போனாலும் ஸ்ரீரங்கத்து வீட்டுத் தண்ணீர் பாட்டிலில் கூடவே வரும்.

பக்கவாதம் வந்து என் வீட்டுக்காரருக்குப் பேச்சு போனபின், அவர் போனைக் கடையில் கொடுத்து, எழுதியதை வாசித்துக் காட்டும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டோம். தமிழ்க் குரல் எங்கே என்று கேட்டேன்.

"இப்ப இருக்காதும்மா. நீங்க தொட்டாத்தான் தானா இறங்கும். சும்மா எடத்த அடைக்காது" என்றார் கடைக்காரர்.

"தேவைப்படுற நேரத்துல வரலைன்னா?"

"நெட் இருந்தா வந்துடும்மா."

"இல்லைன்னா?"

அவர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

மறுவாரம் மகளுக்காக வையம்பட்டியில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவதாக இருந்தோம். தோட்டத்து வீடு, சிக்னல் கிடையாது. பிடித்திருந்தால் பெண்ணின் அப்பா சம்மதம் சொல்வார். அதன் பிறகுதான் அங்கே சாப்பாட்டில் கை நனைப்பது. அந்த வார்த்தையைத் தானே சொல்ல வேண்டும் என்று இவருக்கு ஒரே பிடிவாதம். நான் விடுவேனா? முந்தின நாளே செயலியைப் பேசவைத்து, குரல் இறங்கியதைக் காதால் கேட்டபிறகே போனைப் பையில் வைத்தேன்.

வையம்பட்டியில் வெயில் மண்டையைப் பிளந்தது. காரை விட்டு இறங்கியதும் மாப்பிள்ளையின் அம்மா, "மொதல்ல இத குடிங்க" என்று செம்பில் மோர் கொடுத்தார். குடித்துவிட்டுக் கிணறு, மாட்டுக்கொட்டகை, பின்கட்டு எல்லாம் சுற்றிப் பார்த்தேன். எதையாவது மறைக்கிறார்களா என்று கண் தேடிக்கொண்டே இருந்தது. ஒன்றும் அகப்படவில்லை. அதுவே சந்தேகமாக இருந்தது.

கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். இவர் ஒற்றைக் கையால் எழுதி முடித்தார். பெண்ணைப் பெற்ற அப்பாவின் பேச்சு பெண் குரலில் வரக் கூச்சமோ என்னவோ, ஆண் குரலைத் தொட்டார். அது இன்னும் இறங்கவில்லை, இணையம் வேண்டும் என்றது போன். நான் சோதித்தது பெண் குரலை மட்டும்தான். கடைக்காரரை மனதுக்குள் வறுத்தெடுத்தேன். இவர் முகம் சுண்டிப்போனது.

பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, இருந்த குரலையே தொட்டார்.

"என் வீட்டுக்காரி யாரையும் நம்பமாட்டா. போற எடத்துல பச்சத்தண்ணிகூட குடிக்கமாட்டா. உங்க வீட்டு மோர கொடுத்ததும் குடிச்சிட்டா. எங்களுக்குச் சம்மதம்" என்றது அந்தப் பெண் குரல்.

மடியிலிருந்த பையைத் தொட்டுப் பார்த்தேன். பாட்டில் மூடிகூடத் திறக்காமல் கிடந்தது.