ஒரு கத்தலுக்கான அளவு

தெருவில் அவருக்கு 'வாசிப்புக்காரர்' என்று பெயர். கதைப் புத்தகங்களைக் குரலில் பதிந்து பதிப்பகங்களுக்கு அனுப்புவது தொழில். படுக்கையறைத் துணி அலமாரிதான் ஸ்டூடியோ. உள்ளே ஒரு மைக், ஒரு முக்காலி, எதிரொலி வராமல் இருக்கச் சுற்றிலும் கம்பளிகள். மைக்கின் சன்னமான ஒலியைப் பெரிதாக்கும் ப்ரீஆம்ப் பெட்டி, கணினியோடு வெளியே மேசைமேல் இருக்கும்.

நாளைக் காலையில் அவருடைய குரல்வளையை எடுக்கப்போகிறார்கள். கட்டி, வேறு வழியில்லை. "உங்க குரலைப் பதிஞ்சு குடுங்க சார். நீங்க டைப் பண்றதை ஒரு கருவி உங்க குரல்லயே பேசும்" என்று மருத்துவமனையில் ஒரு பெண் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வாரம் முழுக்க உயிரைக் கையில் வைத்திருந்தார்.

அதற்காகப் பதிந்ததெல்லாம் சுத்தமாக இருந்தது. இருக்காதா? அளவு வைப்பதில் மனிதர் கெட்டிக்காரர், கொஞ்சம் கர்வியும்கூட. ப்ரீஆம்ப் குமிழைக் கூட்டி வைத்தால் சிவப்பு விளக்கு எரியும், ஒலியின் உச்சி நசுங்கிவிடும். அப்புறம் எந்தக் கொம்பனாலும் அதை நிமிர்த்த முடியாது. ரொம்பக் குறைத்தால் குரல் இரைச்சலில் முங்கிவிடும்.

மத்தியானம் மனைவி ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். பாதியிலேயே கழற்றினாள்.

"இது யாரு?"

"நான்தான்."

"இது புத்தகம் படிக்கிறவரு. துண்டைத் தேடிக்கிட்டு, தெருவுக்கே கேக்கிற மாதிரி என்னைக் கூப்பிடுவாரே, அவரு எங்க?"

அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அடுத்த நொடியே அவள் சொன்னது உறைத்தது. நாளையிலிருந்து இந்த வீட்டில் ஒரு அந்நிய ஆள் அவளோடு பேசிக்கொண்டிருப்பான், சாகிறவரைக்கும்.

மருத்துவர் கத்தவே கூடாது என்றிருந்தார். போகட்டும் என்று மைக்கின் முன்னால் "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லி அளவு வைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு, "ஏய்... எங்க இருக்க?" என்று கத்தினார்.

வெளியே வந்தால் சிவப்பு விளக்கு. ஓட்டிக் கேட்டால் தகரத்தை உதைத்த சத்தம். எத்தனை பேருக்குப் பாடம் எடுத்த ஆள்! கத்தப்போகிற குரலுக்குப் படிக்கிற குரலில் அளவு வைத்திருக்கிறார். பயத்தில் புத்தி பேதலித்துவிட்டது.

தொண்டை பற்றி எரிந்தது. எச்சிலில் ரத்த வாடை. இன்னும் ஒரே ஒரு கத்தல்தான் மிச்சம் என்று அவருக்கே தெரிந்தது. அளவு பார்க்கக் கத்தினால் பதிவதற்கு ஒன்றும் இருக்காது. பார்க்காமல் பதிந்தால் அதுவும் தகரமாகிவிடலாம். குமிழில் கை வைத்தபடி நின்ற அவர் பக்கத்தில் மனைவி வந்து நின்றாள்.

"நவுருங்க. நான் கத்துறேன், நீங்க அளவு வைங்க."

"நீயா?" என்று கிசுகிசுத்தார். "நான் எவ்வளவு சத்தமா கத்துவேன்னு உனக்கு..."

"இத்தனை வருஷமா அதைக் கேட்டது நீங்களா, நானா?"

விறுவிறுவென்று உள்ளே போனாள். "ஏய்! எங்க இருக்க?" அலமாரிக் கதவே அதிர்ந்தது. அதே இழுப்பு, அதே அதிகாரம். அவர் அவசரமாகக் குமிழைக் குறைத்தார்.

"இவ்வளவு சத்தமாவா கத்துறேன்?"

"பக்கத்து வீட்டுல ஆள் இருக்காங்கன்னு அடக்கி வாசிச்சேன்."

அவர் சிரித்தார், சிரித்தது வலித்தது. குமிழை இன்னும் கொஞ்சம் குறைத்துவிட்டு உள்ளே போனார். இருட்டில் மைக்கின் முன்னால் நின்றார். மூச்சை இழுத்து, இருந்ததையெல்லாம் திரட்டி, அவளைக் கூப்பிட்டார்.

பதில் வரவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவர் கூப்பிட்டு அவள் 'வரேன்' சொல்லாத நாளே கிடையாது. திட்டிக்கொண்டாவது சொல்லுவாள். இப்போது வீடு மூச்சுப்பேச்சில்லாமல் கிடந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

சிவப்பு விளக்கு எரியவில்லை. அவள் மேசையருகே வாயை இரண்டு கையாலும் இறுகப் பொத்திக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கையின்மேல் வழிந்துகொண்டிருந்தது.

ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்க வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றார். அதற்கும் காற்றுதான்.

"பதிவுல என் குரலும் விழுந்துடுமேன்னு..." என்றாள் அவள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "வரேங்க. இதோ, வந்துட்டேன்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.