மீட்டர் இல்லாத உலை

திருத்தணியில் விசைத்தறிக்கு இரும்புச் சாமான் செய்து, உலையில் காய்ச்சிப் பதமேற்றித் தருகிறேன். கரி உலைக்குப் பதிலாக மின்சார உலை வாங்கச் சென்னைக்குப் போனேன். கடைக்காரர் சூடு காட்டும் மீட்டர் வைத்த சிறிய உலையைக் காட்டினார்.

"இரும்போட நெறம் பாத்தே சூடு சொல்லுவேங்க. மீட்டர் எதுக்கு?" என்று மீட்டர் இல்லாத பெரியதை எடுத்தேன்.

அதன் உள்கோடியில் சூடு மிஞ்சியது உலை வாயருகே நின்ற எனக்குத் தெரியவில்லை. அதில் பதமேற்றியபோது சூடு மிஞ்சி நொறுங்கும்படி ஆகிவிட்ட கம்பி, ஆர்.கே.பேட்டையில் என் பாவாவின், அதாவது அக்கா புருஷனின், தறியில் உடைந்து தெறித்தது. அவருக்கு வலது கண் போனது.

ஆஸ்பத்திரியில் பாவா என்னிடம், "வாடா மச்சான், என் கண்ணு இப்போ என்னா நெறம்னு சொல்லு," என்றார்.

மீட்டர் உள்ள உலை வாங்கிவிட்டேன். ஒவ்வொரு சாமானையும் சுத்தியலால் தட்டிப் பார்த்துத்தான் கொடுக்கிறேன். தறியை இப்போது அக்கா ஓட்டுகிறாள். சாமான் வேறு ஆளிடம் வாங்குகிறாள்.