வீராயி பூட்டி வைத்த ஆதார்

கல்யாணமான கையோடு கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து டெல்லிக்கு வந்தவர் வீராயி. இருபத்திரண்டு வருஷமாயிற்று. கிட்வாய் நகரில் எங்கள் பிளாக்கில் நாலு வீட்டு வேலை. தன்னோடு இந்த வேலை முடியட்டும், மகள் அபிராமி காலேஜ் போகட்டும் என்பதுதான் அவருக்கு எல்லாம்.

அபிராமி போன வருஷம் பன்னிரண்டாவது. ஸ்கூல் கோ-கோ டீமில் அவளைத் தொட ஆளில்லை என்பார்கள்.

போன நவம்பரில் எங்கள் வீட்டு டிவியில் ஒரு படம் ஓடியது. பாஸாகாத பிள்ளைகளை மைதானத்துக்குள் விடாமல் கேட்டைப் பூட்டுகிறார் ஒரு கோச். வீராயி வெண்டைக்காய் நறுக்குவதை விட்டுவிட்டுப் பார்த்தார்.

"இந்தாளு செய்றது சரிதானக்கா?"

"ரொம்ப சரி. படிப்புதான் முதல்ல," என்றேன். யோசிக்கவேயில்லை.

அந்த ஞாயிறு மாநில டீமுக்கு ட்ரையல். ஒரிஜினல் ஆதார் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். வீராயி அதைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"ஒருநாள்தான் மம்மி. செலக்ட் ஆனா சர்ட்டிபிகேட் குடுப்பாங்க."

"எதுக்கு, செவுத்துல மாட்டவா? பரீச்ச முடியட்டும், அப்புறம் நாள் பூரா ஓடு."

"ட்ரையல் என்ன, நீ வேலை செய்யற வீட்டு மேடமா? லேட்டா போனாலும் காத்திட்டிருக்க?"

வீராயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பெட்டியைத் திறக்கவில்லை. இதையெல்லாம் மறுநாள் என்னிடம் பெருமையாகத்தான் சொன்னார்.

அபிராமி ஒழுங்காகப் படித்தாள். எழுபத்தி நாலு சதவீதம். நாலு வீட்டுக்கும் லட்டு வந்தது. காலேஜ் நுழைவுத் தேர்வில் அவள் மார்க்குக்கு எந்த லிஸ்ட்டிலும் பெயர் வரவில்லை. அதே டீமில் ஆடிய ஃபெபிக்கு அவளைவிடக் குறைந்த மார்க். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கிடைத்துவிட்டது. அந்த ட்ரையலில் செலக்ட் ஆகி வாங்கிய மாநில சர்ட்டிபிகேட் அவளிடம் இருந்தது. விசாரித்து வந்து சொன்னதும் நான்தான்.

"ஆடுறதுக்கு காலேஜ்ல சீட்டு குடுக்குறாங்களா?" மூன்று தடவை கேட்டார். "அந்தப் படத்துல இத சொல்லலியேக்கா."

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போனார். பி.டி. மாஸ்டர் மேக்ஸ்வெல் உட்காரச் சொன்னார்.

"அவ மாதிரி ஓடற பொண்ணு என்கிட்ட இல்லம்மா. ஆனா ஆடாத மேட்ச்சுக்கு யார் சர்ட்டிபிகேட் குடுப்பாங்க?"

"அவ மேல தப்பில்ல சார். நான்தான் பூட்டிவெச்சேன்னு எழுதிக்குங்க. கைநாட்டு வெச்சுத் தரேன்."

மேக்ஸ்வெல் எழுந்து வாசல்வரை வந்து எங்களை அனுப்பிவைத்தார்.

தபாலில் படிக்கலாமே என்று அபிராமியிடம் சொன்னேன். "அச்சா ஆன்ட்டி," என்றாள். ஃபாரம் வாங்கிக் கொடுத்தேன். அவள் நிரப்பவேயில்லை, கடைசித் தேதி போய்விட்டது. எங்கள் பிளாக் மூன்றாம் மாடியில் வீட்டு வேலைக்கு ஆள் கேட்டார்கள்.

திங்கட்கிழமை அம்மாவும் மகளும் சேர்ந்து வந்தார்கள். அபிராமி பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.

"மெதுவா போடி, தண்ணி சிந்துது," என்றார் வீராயி.